லண்டன் – சிட்னி: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா லண்டனின் ஹாரோவில், தம்பி சிட்னியின் வெண்ட்வொர்த்வில்லில் என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் நம்மில் நிறைய. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, திவசம் என்று ஏதாவது வந்தால் உலகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயாக வேண்டும். அப்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

லண்டனிலிருந்து சிட்னி எவ்வளவு தூரம்?

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சிட்னி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் விமான நிலையத்துக்கு, பூமியின் வளைவைத் தழுவி அளந்தால், சுமார் 17,016 கி.மீ. மைலில் 10,573. விமானிகள் சொல்லும் கடல் மைலில் 9,188. பூமியில் எந்த இரண்டு இடங்களும் ஏறத்தாழ 20,000 கி.மீட்டருக்கு மேல் விலகி இருக்க முடியாது, அதுதான் பூமியின் சுற்றளவில் பாதி. லண்டனும் சிட்னியும் அந்த எல்லையில் 85 சதவீதத்தைத் தொட்டுவிடுகின்றன.

ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறார்களே?

நகர மையத்திலிருந்து அளந்தால் ஒரு எண், விமான நிலையத்திலிருந்து அளந்தால் இன்னொன்று. சிலர் கடல் மைலையும் சாதாரண மைலையும் குழப்பிக்கொள்கிறார்கள். சிலர் விமானம் உண்மையில் பறந்த தூரத்தைத் தருகிறார்கள், அது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 17,000 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். பயணத்தைத் திட்டமிட இந்த எண்ணால் பெரிய உதவி கிடையாது. ஏன் என்று கீழே வருகிறது.

எங்கும் இறங்காமல் போகும் விமானம் உண்டா?

இப்போதைக்கு லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவே பயணிகளுக்கான இடைநில்லா சேவை இல்லை. ஆஸ்திரேலியாவுக்கே இடைநில்லாமல் போக வேண்டுமென்றால் அதன் மேற்குக் கரையில் உள்ள பெர்த் உண்டு. 2018 மார்ச்சில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் தொடங்கிய லண்டன் – பெர்த் சேவைதான் ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் இடையில் இறங்காமல் இணைத்த முதல் வழக்கமான விமானம். 14,500 கி.மீ., ஏறக்குறைய 17 மணி நேரம். ஆனால் பெர்த்தில் இறங்கியதும் சிட்னி வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அங்கிருந்து இன்னும் 3,280 கி.மீ. இருக்கிறது.

அப்படியானால் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

ஓரிடத்தில் மட்டும் இறங்கி ஏறும் நல்ல இணைப்பு கிடைத்தால் லண்டனிலிருந்து சிட்னிக்கு 22 முதல் 24 மணி நேரம். இதில் வானில் இருப்பது 20, 21 மணி நேரம். மிச்சம் டிரான்சிட், அதாவது நடுவழி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது. மலிவான டிக்கெட் என்று இரண்டு இடங்களில் இறங்கி ஏறினால் 30 மணி நேரத்தை எளிதாகத் தாண்டும்.

வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. மணிக்கு 900 கி.மீ. என்றால் 17,016-ஐ 900-ஆல் வகுக்க, சற்றேறக்குறைய 19 மணி நேரம் வரும். தவறான கணக்கில்லை. 2019 நவம்பரில் குவாண்டாஸ் ஒரு போயிங் 787-9 விமானத்தை லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் ஓட்டிப் பார்த்தது. 19 மணி 19 நிமிடத்தில் இறங்கியது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் சுமார் ஐம்பது பேர்தான், டிக்கெட் வாங்கியவர் ஒருவரும் இல்லை. நம் கணக்கில் அந்தப் பத்தொன்பதோடு இறங்குவது, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, மறுபடி ஏறுவது எல்லாவற்றையும் கூட்டியாக வேண்டும்.

எந்த ஊர் வழியாகப் போனால் தூரம் குறையும்?

இந்தப் பயணத்தில் பலரும் தப்பாக நினைப்பது இதைத்தான். துபாய் வழி சுற்று, சிங்கப்பூர் வழி நேர் என்று ஆளுக்கொரு கருத்து. லண்டனும் சிட்னியும் பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், ஆசியாவில் எந்த ஊரில் இறங்கினாலும் கூடுதல் தூரம் அற்பம்தான். ஹாங்காங் வழியாகப் போனால் நேர்ப்பாதையைவிட முப்பது கிலோமீட்டர்கூட அதிகமாகாது. சிங்கப்பூர் வழி (10,885 + 6,300) சுமார் 170 கி.மீ. கூடும். சென்னை வழியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 350, கொழும்பு வழி 460, துபாய் வழி 530 போல, பெர்த் வழி 760. விமானத்துக்கு 500 கி.மீ. என்பது அரை மணி நேரத்துக்கும் சற்று மேல், அவ்வளவுதான். டிரான்சிட்டில் காபி வாங்க வரிசையில் நிற்கும் நேரத்தில் அந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

ஆகவே எந்த ஊர் வழி என்பதைத் தூரம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பயணத்தை எந்த இடத்தில் வெட்டுகிறோம், அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோம், இந்த இரண்டையும் பாருங்கள்.

துபாய் வழி என்றால் முதலில் 7 மணி நேரம், பிறகு 14 மணி நேரம். இரண்டாவது விமானத்தில் ஏறும்போதே உடம்பு களைத்திருக்கும். நீண்ட பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்கும். சிங்கப்பூர் வழி என்றால் 13, பிறகு 8. இரவில் லண்டனை விட்டுக் கிளம்பி முதல் பகுதியில் தூங்கிவிட முடிந்தால் இதுவே எளிது என்பது என் எண்ணம். பெர்த் வழி என்றால் முதல் பகுதியே 17 மணி நேரம், அதன் பிறகு 4. ஆஸ்திரேலியாவில் முதலில் கால் வைக்கும் இடத்திலேயே குடிவரவு, சுங்கச் சோதனைகள் முடிந்துவிடும், சிட்னியில் உள்நாட்டுப் பயணிபோல வெளியே வரலாம். கால் மடக்கி அதிக நேரம் உட்கார முடியாத பெரியவர்களுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன்.

கொழும்பு ஒரு விசித்திரம். லண்டன் – கொழும்பு சுமார் 8,710 கி.மீ., கொழும்பு – சிட்னி சுமார் 8,760 கி.மீ. பயணத்தைச் சரிபாதியாகப் பிளக்கும் ஊர் அது. ஒவ்வொரு பகுதியும் பத்து, பதினோரு மணி நேரம். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ உறவுகளைப் பார்க்க வேண்டியவர்கள், நடுவில் ஒரு வாரம் தங்கிப் போவதென்றால் இந்த வழியைப் பரிசீலிக்கலாம். எல்லா நாட்களிலும் இணைப்பு அமையாது, தேதியைப் பார்த்துவிட்டு மற்றவற்றை முடிவு செய்யுங்கள்.

அமெரிக்கா வழியாகப் போக முடியாதா?

போகலாம். லாஸ் ஏஞ்சலஸ் வழி ஏறத்தாழ 20,800 கி.மீ., அதாவது கிட்டத்தட்ட நான்காயிரம் கூடுதல். அதைவிடப் பெரிய சிக்கல் விசா. அமெரிக்காவில் விமானம் மாறினால்கூட அந்த நாட்டுக்குள் நுழைவதாகவே கணக்கு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு டிரான்சிட்டுக்கே விசா வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட், இன்னொருவருக்கு இந்திய பாஸ்போர்ட் என்றிருந்தால், மலிவு டிக்கெட் கண்ணில் பட்டதும் வாங்கிவிடாமல் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் இந்தியப் பெருங்கடல் வழியே வருகிறது. ரஷ்யா வழிதான் குறுக்குவழி என்கிறார்களே?

சுவரில் மாட்டும் தட்டையான வரைபடம் உருண்டையை விரித்துப் போட்டது, அதில் நேர்க்கோடு நேர்ப்பாதையாகாது. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை லண்டனில் பிடித்து சிட்னி வரை இறுக்கி இழுத்துப் பாருங்கள். நூல் லண்டனிலிருந்து வடகிழக்காகக் கிளம்பும். மாஸ்கோவுக்குச் சற்று வடக்கே அதன் உச்சியைத் தொடும். பிறகு தெற்கே சரிந்து சீனாவைக் கடந்து, ஹைனான் தீவுக்கு அருகில் கடலில் இறங்கி, இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகள் வழியாக ஆஸ்திரேலியாவின் வட கரையில் நுழையும்.

முன்பு சொன்ன 2019 சோதனை விமானமும் பெலாரஸ், ரஷ்யா, கஜகஸ்தான், சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று ஏறக்குறைய இப்படித்தான் போனது. இன்று அந்த வழி பெரும்பாலான விமானங்களுக்கு இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் பிரிட்டன் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது, ரஷ்யா பதிலுக்கு மூடியது. லண்டன் – ஹாங்காங் விமானங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகப் பறப்பது அதனால்தான். மேலே ஹாங்காங்குக்குச் சொன்ன முப்பது கிலோமீட்டர் இப்போது காகிதக் கணக்கு மட்டுமே. மத்திய கிழக்கில் பதற்றம் ஏறும்போதும் இதே கதைதான். 2024 ஆகஸ்டில் பெர்த் – லண்டன் இடைநில்லா விமானமே கொஞ்ச காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது ஏன் அதிக நேரம் ஆகிறது?

காற்று. இரண்டு அரைக்கோளங்களிலும் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. சில நாட்களில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீட்டரைத் தாண்டும். கிழக்கே போகும் விமானத்துக்கு அது பின்னாலிருந்து தள்ளுகிற கை. மேற்கே வரும்போது முகத்துக்கு நேரே வரும். உள்நாட்டிலேயே இதைப் பார்க்கலாம். பெர்த்திலிருந்து சிட்னிக்கு நான்கு மணி நேரம் போல, சிட்னியிலிருந்து பெர்த்துக்கு ஐந்து. லண்டன் பயணத்தில் திரும்பும் வழியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேர வித்தியாசம் எவ்வளவு? எந்த நாளில் போய்ச் சேருவேன்?

சிட்னி எப்போதும் முன்னால். எத்தனை மணி என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கும், காரணம் இரண்டு நாடுகளும் எதிரெதிர் பருவங்களில் கடிகாரத்தை மாற்றுகின்றன. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை 11 மணி நேரம். ஏப்ரல் முதல் ஞாயிறு முதல் அக்டோபர் முதல் ஞாயிறு வரை 9 மணி நேரம். இடையில் விடுபடும் சில வாரங்களில் 10. அந்த வாரங்களில்தான் போன் செய்து ஆளை எழுப்பிவிட்டுத் திட்டு வாங்குவது நடக்கிறது. லண்டனில் காலை 8 மணிக்குக் கூப்பிட்டால் சிட்னியில் மாலை 5-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும், எந்த மாதமானாலும் பாதகமில்லை.

ஜனவரியில் திங்கட்கிழமை இரவு 8.30-க்கு லண்டனில் கிளம்பி இருபத்திரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால், சிட்னியில் புதன் காலை 6 மணி. செவ்வாய்க்கிழமை காணாமல் போனதுபோல இருக்கும். விழா புதன்கிழமை என்றால் திங்களன்று கிளம்புவது ஆபத்தான ஏற்பாடு. திரும்பும்போது அந்த நாள் கைக்கு வந்துவிடும். திங்கள் மாலை 4 மணிக்கு சிட்னியில் ஏறினால், 24 மணி நேரம் பயணம் செய்தும் செவ்வாய் விடிகாலை 5 மணிக்கு லண்டனில் இருப்பீர்கள்.

இன்னொன்று: சிட்னி கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு, சில விதிவிலக்குகள் தவிர விமானங்கள் இறங்கவோ ஏறவோ கூடாது. காலை 6 மணியைத் தாண்டியதும் பல நாட்டு விமானங்கள் வரிசையாக இறங்குவதால் குடிவரவு வரிசை நீளம். கூப்பிட வருகிறவரை ஆறு மணிக்கே வந்து நிற்கச் சொல்லாதீர்கள், பார்க்கிங் காசு அவர் தலையில்.

நிற்காமல் போகும் விமானத்தை இத்தனை வருடம் ஏன் விடவில்லை?

விமானம் செய்ய முடியாததல்ல. 1989 ஆகஸ்டிலேயே குவாண்டாஸின் போயிங் 747-400 ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் நிற்காமல் பறந்து காட்டியது. அதற்காக அடர்த்தி அதிகமான விசேஷ எரிபொருள் நிரப்பினார்கள், எரிபொருளை மிச்சப்படுத்த விமானத்தை ஓடுபாதைக்கு இழுத்தே போனார்கள். உள்ளே விரல் விட்டு எண்ணும் ஆட்கள். அந்த விமானம் இப்போது சிட்னிக்குத் தெற்கே ஆல்பியன் பார்க்கில் உள்ள விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சிக்கல் எடையில் இருக்கிறது. தூரம் கூடக் கூட எரிபொருள் கூடும், அந்த எரிபொருளைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். இருக்கைகளைக் குறைக்க வேண்டி வரும், குறைந்த இருக்கைகளில் செலவை எடுக்க வேண்டும். இன்று உலகின் மிக நீண்ட வழக்கமான சேவையான சிங்கப்பூர் – நியூயார்க் (சுமார் 15,300 கி.மீ., பதினெட்டரை மணி நேரம் போல) விமானத்தில் 161 இருக்கைகள்தான், எகானமி வகுப்பே கிடையாது.

குவாண்டாஸ் 2022-ல் ஏர்பஸ் ஏ350-1000 ரகத்தில் 12 விமானங்களை சிட்னி – லண்டன், சிட்னி – நியூயார்க் வழிகளுக்கென்றே வாங்கப்போவதாக அறிவித்தது. 20,000 லிட்டர் கூடுதல் எரிபொருள் தொட்டி, மொத்தம் 238 இருக்கைகள், அதில் 140 எகானமி. 22 மணி நேரம் வரை பறக்கக்கூடியது. 2027-ல் சேவை என்பது திட்டம். பயண நேரம் நான்கு மணி வரை குறையும் என்கிறார்கள். ஆனால் டிக்கெட் விலையும் குறையும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முன்பெல்லாம் எவ்வளவு நாள் ஆனது?

1919 நவம்பர் 12 அன்று ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளோடு விக்கர்ஸ் விமி விமானத்தில் லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பி, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். ஏறத்தாழ 28 நாட்களில், அதாவது 30 நாள் கெடுவுக்குள் முடித்ததால் ஆஸ்திரேலிய அரசின் 10,000 பவுண்டு பரிசு அவர்களுக்கு. திறந்த காக்பிட்டில் உட்கார்ந்து வந்த பயணம் அது.

1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸ் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானத்தில் சிட்னி – லண்டன் சேவையைத் தொடங்கியது. 29 பயணிகள், 11 ஊழியர்கள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிப்போலி என்று நின்று நின்று நான்கு நாட்கள். வானில் மட்டும் 55 மணி நேரம். ‘கங்காரு வழி’ என்ற பெயர் இப்படித் தாவித் தாவிப் போனதால் நிலைத்தது.

இவற்றுக்கு நடுவில் நம் பக்கம் தொட்டுப்போன ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்குமான வான்வழி அறுந்துபோனது. 1943-ல் இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கலை ஏரியிலிருந்து பெர்த்துக்குக் கேட்டலினா கடல் விமானங்களை குவாண்டாஸ்காரர்கள் ஓட்டத் தொடங்கினார்கள். ஜப்பானியர் கண்ணில் படாமலிருக்க ரேடியோவை அடக்கி வைத்து, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் பறந்தார்கள். பெரும்பாலும் எரிபொருளையே சுமந்ததால் பயணிகளுக்கு மூன்று பேருக்குத்தான் இடம். 27 முதல் 33 மணி நேரம் பறந்ததில் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரிய உதயம் பார்க்கலாம், அதனால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்ற பெயர். குவாண்டாஸ் தன் புதிய இடைநில்லாத் திட்டத்துக்கு ‘சன்ரைஸ்’ என்று பெயர் வைத்ததும் இதை நினைத்துத்தான்.

டிரான்சிட்டுக்கு எத்தனை மணி நேரம் விட வேண்டும்?

ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் இரண்டரை, மூன்று மணி நேரம் நல்ல அளவு. ஒன்றேகால் மணி நேர இணைப்பைக்கூட விற்பார்கள். முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால் மாற்று விமானம் தருவது அவர்கள் பொறுப்பு, ஆனால் காத்திருப்பது நீங்கள். சக்கர நாற்காலி உதவி கேட்டிருப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் குறுகிய இணைப்பைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக வாங்குவது வேறு விஷயம். அப்போது லக்கேஜை நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும், தவறவிட்டால் யாரும் பொறுப்பில்லை. மிச்சமாகும் பணம் கணிசமாக இருந்து, நடுவில் ஒரு இரவு தங்கவும் தயார் என்றால் மட்டும் செய்யுங்கள்.

சிங்கப்பூரில் ஒரே விமானம்தானே தொடர்ந்து போகிறது, உள்ளேயே உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. கைப்பையோடு இறங்கி, சோதனை முடித்து மறுபடி ஏற வேண்டும். கால் நீட்டி நடக்க அது ஒரு சாக்கு.

இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது உடம்புக்குக் கெடுதலா?

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது மிகச் சிறிய ஆபத்துதான். முன்பு இரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் டிக்கெட் போடும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மற்றவர்கள் ஓரிரு மணிக்கொரு முறை எழுந்து நடக்கலாம். நடைபாதை ஓர இருக்கை கிடைத்தால் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்ப வேண்டியிருக்காது.

ஜெட் லாக் எத்தனை நாள் இருக்கும்?

நேர வித்தியாசத்தால் வரும் தூக்கக் குழப்பமும் களைப்பும்தான் ஜெட் லாக். நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் உடல் சரியாகும் என்பது பொதுவான அளவு, ஆகவே ஒன்பது முதல் பதினோரு நாள் வரை. நம் உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது, அதனால் நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கஷ்டம். கிழக்கே போகும்போது, அதாவது சிட்னி போகும்போது, படுத்தும். லண்டன் திரும்பும்போது பெரும்பாலோர் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். போன அன்று பகலில் வெளிச்சத்தில் நடமாடுங்கள், மதியத் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்துங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்த சந்தோஷத்தில் முதல் நாள் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தால் இந்த அறிவுரை எதுவும் பலிக்காது.

விமானம் தாமதமானால் ஏதாவது கிடைக்குமா?

லண்டனிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு, எந்த நாட்டு விமானமானாலும், பிரிட்டிஷ் சட்டம் பொருந்தும். இழப்பீட்டின் அளவு தூரத்தைப் பொறுத்தது. 3,500 கி.மீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், ஒரே முன்பதிவில் போய் சிட்னியில் நான்கு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாக இறங்கினால், நிறுவனத்தின் தவறு என்றால், ஆளுக்கு 520 பவுண்டு. மோசமான வானிலை, வான்வெளி மூடல் போன்றவை நிறுவனத்தின் கையில் இல்லாதவை, அவற்றுக்குப் பணம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும். சிட்னியிலிருந்து லண்டன் வரும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய ஒன்றிய விமான நிறுவனமாக இருந்தால் மட்டுமே இந்தச் சட்டம் துணைக்கு வரும். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல் வீடு வரை கொண்டுவாருங்கள்.